திருகோணமலையிலிருந்து ஹோட்டன் சமவெளிக்கு: நடந்து பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு விரிவான பதில்

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆகஸ்ட் விடுமுறையில் மனைவி, இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மா எல்லாரையும் கூட்டிக்கொண்டு வான் பிடித்து, மலைநாட்டில் நுவரெலியாவுக்கு அப்பால் உள்ள தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளிக்குப் போக வேண்டும். அங்கே உலக முடிவு என்ற செங்குத்தான மலை விளிம்பு வரை நடந்து பார்க்க வேண்டும். இரவு புறப்பட்டுப் போய், பகலில் பார்த்துவிட்டு, அன்றிரவே திரும்பிவிடலாமா? என்னென்ன கொண்டு போக வேண்டும்? அம்மாவால் நடக்க முடியுமா?

தம்பி, போகலாம். அம்மாவும் வரலாம். ஆனால் ஒரே ஓட்டமாகப் போய்த் திரும்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஆகஸ்ட் மாதத்தையும் இன்னொரு தரம் யோசியுங்கள். காரணங்களைச் சொல்கிறேன்.

உலக முடிவு பார்க்கக் கிடைப்பது காலையில் கொஞ்ச நேரம்தான். சமவெளியின் தெற்கு ஓரம் திடீரென அறுத்துவிட்டது போல முடிந்து, ஏறத்தாழ 870 மீற்றர் நேர்கீழே இறங்குகிறது. வெயில் ஏற ஏற, கீழே பள்ளத்தாக்கில் இருக்கும் ஈரக் காற்று சூடாகி அந்தச் சுவரோடு ஒட்டி மேலேறுகிறது. உயரத்தில் குளிர்ந்ததும் மூடுபனியாகிவிடுகிறது. ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பள்ளம் முழுக்க வெள்ளையாகிவிடும். நாலு கிலோமீற்றர் நடந்து போனவர்கள் வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். அதில் பெரும்பாலானோர் தூர இடங்களிலிருந்து இரவெல்லாம் வாகனத்தில் வந்து, வழியில் சுணங்கியவர்கள்.

ஆகவே கணக்கைப் பின்னிருந்து போடுங்கள். எட்டு மணிக்கு முன் விளிம்பில் நிற்க வேண்டும். பிள்ளைகளோடு அந்த நாலு கிலோமீற்றருக்கு ஒன்றரை மணித்தியாலம் போகும். அப்படியென்றால் காலை ஆறு மணிக்கு வாயில் திறக்கும்போதே நீங்கள் அங்கே நிற்க வேண்டும். நுவரெலியாவிலிருந்து பூங்காவுக்கு 32 கிலோமீற்றர்தான், ஆனால் வளைவும் ஏற்றமுமான பாதை, இருட்டில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். நாலரைக்குப் புறப்பட வேண்டும். நாலரைக்குப் புறப்பட வேண்டுமென்றால் முதல் நாள் இரவு நுவரெலியாவில், இல்லாவிட்டால் பட்டிப்பொல, ஒஹிய பக்கத்தில் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். திருகோணமலையிலிருந்து முதல் நாள் விடியவே கிளம்ப வேண்டும் என்பது இதிலிருந்து தானாக வந்துவிடுகிறது. இரவு முழுக்க வாகனம் ஓட்டிய சாரதியோடு மலைப்பாதையில் ஏறுவது ஆபத்து என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தங்கும் செலவை மிச்சம் பிடிக்கப் போய் பயணத்தின் பலனையே இழக்க வேண்டாம்.

அடுத்தது மாதம். திருகோணமலைக்காரர் பலர் தவறுவது இங்கேதான். நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும், கடல் தெளிந்து கிடக்கும், நிலாவெளியில் கூட்டம் நிரம்பும். அதனால் ஓகஸ்ட் என்றால் எங்கும் நல்ல காலநிலை என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் நம்மிடம் காய்ந்து, சுட்டுக்கொண்டு வரும் அந்தக் கச்சான், தன் ஈரத்தை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு வருகிற அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான். இங்கே முற்றத்துப் புழுதியைக் கிளப்பும் நாட்களில் அங்கே சமவெளியில் மழைத்தூறலும் ஆளைத் தள்ளும் காற்றும் இருக்கும். ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரை காற்றின் வேகம் மிகக் கடுமை. ஒரு நாள் திறந்து காட்டவும் கூடும், ஆனால் அதை நம்பிக் குடும்பத்தோடு 260 கிலோமீற்றர் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முடியும்வரைதான் மிகவும் நம்பகமான காலம். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, தென்மேற்கு தொடங்காத இடைவெளி அது. வானம் தெளிவாக இருக்கும், விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி படிந்திருப்பதையும் பார்க்கலாம். ஏப்ரலில் காலநிலை மோசமில்லை, ஆனால் புத்தாண்டை ஒட்டி நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம், அறை வாடகை ஏறிவிடும், வீதியில் வாகனம் நகராது. எந்த மாதமானாலும் போயா விடுமுறையையும் நீண்ட வார இறுதியையும் தவிர்த்து ஒரு செவ்வாய், புதனைப் பாருங்கள். அந்த நடைபாதையில் கூட்டம் இல்லாமல் நடப்பதற்கும் கூட்டத்தோடு நடப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஓகஸ்டைத் தவிர வேறு வழியே இல்லை என்றால் நுவரெலியாவில் இரண்டு இரவு தங்குங்கள், ஒரு காலை கெட்டாலும் மறு காலை கையில் இருக்கும்.

போகும் வழி உங்களுக்குத் தெரிந்ததுதான்: கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி. கண்டிக்குப் பிறகு கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக ஏற்றம். கண்டியிலிருந்து நுவரெலியா வரையிலான அந்த முக்கால் நூறு கிலோமீற்றருக்குத்தான் நேரம் போகும். வாந்தி வரக்கூடிய பிள்ளைகள் இருந்தால் கண்டியில் வயிறு முட்டச் சாப்பிடக் கொடுக்காதீர்கள். றம்பொடையில் நீர்வீழ்ச்சியும் அனுமார் கோயிலும் இருக்கின்றன, அங்கே இறங்கி கால் நீட்டுவது அம்மாவுக்கும் நல்லது. சீதா எலியா அம்மன் கோயிலுக்குப் போக அம்மா கட்டாயம் ஆசைப்படுவார். அது நுவரெலியாவுக்கு அப்பால் ஹக்கல பக்கம். அதை நடைக்கு முதல் நாள் பின்னேரம் வையுங்கள், நடை நாள் காலையில் எதையும் சேர்க்காதீர்கள். புறப்படுமுன் பாதை நிலவரத்தை விசாரிப்பதும் அவசியம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலைநாட்டு வீதிகளும் ரயில் பாதையும் மண்சரிவால் எவ்வளவு பாதிக்கப்பட்டன என்பது நமக்குத் தெரியும். மலைப்பாதை ரயிலில் போய் பட்டிப்பொலவில் இறங்கலாம் என்று திட்டமிடுகிறவர்கள் வண்டி எதுவரை ஓடுகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டிப்பொல 1,890 மீற்றர் அளவு உயரத்தில் உள்ள, இலங்கையின் மிக உயர்ந்த ரயில் நிலையம். அங்கிருந்தும் பூங்காவுக்குப் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் ஏற வேண்டும். பகல் ரயிலில் வருகிறவர்கள் விடியலில் உள்ளே போக முடியாது, ஆகையால் அவர்களும் இரவு தங்கித்தான் ஆக வேண்டும்.

குளிரைப் பற்றி எச்சரிக்காமல் விட முடியாது. சமவெளி 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியலில் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும், சில நாள் பூச்சியத்தைத் தொடும். இரவில்கூட மின்விசிறி இல்லாமல் தூங்க முடியாத ஊரிலிருந்து போகிறோம் நாம். ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டர் போதாது. உள்ளே பருத்திச் சட்டை, அதன் மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேலே காற்றும் தூறலும் புகாத ஒரு மேற்சட்டை என்று அடுக்காகப் போடுங்கள். நடக்க நடக்க உடல் சூடேறும், ஒவ்வொன்றாகக் கழற்றலாம். காது மூடும் தொப்பி பிள்ளைகளுக்குக் கட்டாயம். குடை வேண்டாம், காற்று அதைப் பிய்த்துவிடும். பாட்டாவோடு நடக்கவே கூடாது. புதுச் சப்பாத்து வாங்கி அன்றைக்கே போட்டால் குதிக்கால் கொப்புளித்துவிடும், பழகிய சப்பாத்தே நல்லது. ஒன்பது மணிக்குப் பிறகு வெயில் ஏறும்போது குளிர் காற்றில் சுடுவது தெரியாது, ஆனால் அந்த உயரத்தில் வெயில் தோலை எரிக்கும். புல்வெளியில் நிழல் கிடையாது. அகலத் தொப்பி ஒன்று பையில் இருக்கட்டும்.

வாயிலில் பைகளைச் சோதிப்பார்கள். உள்ளே பொலித்தீன் கொண்டுபோக விடமாட்டார்கள். பிஸ்கட் பக்கெற் இருந்தால் உறையைக் கழற்றி, பிஸ்கட்டைக் கடதாசியில் சுற்றித் தருவார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் மெல்லிய லேபிளைக்கூடக் கிழித்து எடுத்துவிட்டுத்தான் போத்தலைக் கையில் தருவார்கள். இதைத் தொந்தரவு என்று முணுமுணுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காரணத்தை உள்ளே போனதும் பார்க்கலாம்: வாகனத் தரிப்பிடத்தில் மரைகள் என்ற பெரிய மான்கள் மனிதருக்குப் பயமில்லாமல் வந்து நிற்கும், சாப்பாட்டு வாசனை உள்ள எதையும் மெல்லும். பொலித்தீன் வயிற்றுக்குள் போனால் அது வெளியே வராது. ஆகவே லஞ்ச் ஷீற்றில் சுற்றிய சோற்றுப் பார்சல் வேண்டாம். வாழையிலையில் கட்டிய ரொட்டியும் சம்பலும், அவித்த முட்டை, வாழைப்பழம் என்று மூடியுள்ள டப்பாவில் எடுத்துப் போங்கள். நடைபாதையில் கடை கிடையாது, கழிவறையும் கிடையாது. ஃபார் இன் என்ற பழைய விடுதிக் கட்டடம் இப்போது பார்வையாளர் நிலையமாக இருக்கிறது. தேவைகளை அங்கேயே முடித்துக்கொண்டு நடையைத் தொடங்குங்கள்.

கட்டணம் இலங்கையருக்கு அதிகமில்லை, வாகனத்துக்குத் தனியாகச் செலுத்த வேண்டும். ஆனால் கனடாவிலோ லண்டனிலோ இருந்து வந்த சித்தப்பா, மாமியைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கான கட்டணம் பல மடங்கு அதிகம் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். வாயிலில் நின்று விவாதிப்பது சங்கடம், நேரமும் போகும். பெரியவர்கள் அனைவரும் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

இனி நடை. முழுச் சுற்று ஏறத்தாழ ஒன்பதரை கிலோமீற்றர். தொடக்கத்தில் திறந்த புல்வெளி, இடையிடையே குளிர்ந்த சிற்றோடை. கொஞ்சத் தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். இரண்டும் ஒரே சுற்றின் இரு முனைகள்தான், ஆனால் நீங்கள் முதலில் சிறிய உலக முடிவு, அதாவது பெரியதற்கு முன் வரும் சின்ன விளிம்பு இருக்கும் பக்கம் திரும்புங்கள். சுற்றின் மறுபக்கத்தில் உள்ள பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு மூடுபனி ஒரு பொருட்டல்ல, அது பத்து மணிக்கும் அங்கேதான் விழுந்துகொண்டிருக்கும். பாதை பெரும்பாலும் மழைநீர் அரித்த சிவந்த மண்ணும் உருண்டைக் கல்லும் புடைத்த வேருமாக இருக்கும். கண்ணைக் காலடியில் வைத்து நடக்க வேண்டும், பார்க்க விரும்பினால் நின்று பாருங்கள்.

காட்டுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் மாறிவிடும். மரங்கள் உயரமில்லை. காற்றுக்கு வளைந்து, முறுக்கி, உச்சி குடை போலத் தட்டையாக நிற்கும். அடிமரத்திலிருந்து கிளை நுனி வரை பாசியும் சாம்பல் நிறத் தாடி போலத் தொங்கும் படர்ச்செடியும் மூடியிருக்கும். ஒரு கிளையை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள், மழையே பெய்யாத நாளிலும் விரல் நனைந்துவிடும். மூடுபனி அந்தப் பாசியில் மோதித் தண்ணீராகி, சொட்டுச் சொட்டாக நிலத்தில் இறங்குகிறது. மண் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு மழையில்லாத மாதங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகிறது. மகாவலி, களனி, வளவை என்ற மூன்று ஆறுகளுக்கும் இந்த உயரம்தான் நீர் கொடுக்கிறது.

மகாவலி என்றதும் நம் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிக் காட்டுங்கள். நாட்டின் மிக நீளமான அந்த ஆறு 335 கிலோமீற்றர் ஓடி, கடைசியில் மூதூர்ப் பக்கம் நம் கொட்டியாரக்குடாவில்தான் கடலைத் தொடுகிறது. வெருகலில் கலங்கி அகன்று ஓடுவதைப் பார்த்த பிள்ளை, அதன் தலைமாட்டில் ஒரு எட்டில் தாண்டக்கூடிய தெளிந்த ஓடைகளைப் பார்ப்பது பாடப்புத்தகத்தில் கிடைக்காத பூகோளப் பாடம். கொட்டியாரத்து வயலும் மூதூர் மீன்பிடியும் இந்த மலைக்காடு உயிரோடு இருப்பதைத்தான் நம்பி இருக்கின்றன. 1873இலேயே தாவரவியலாளர் ஜோசப் டால்ட்டன் ஹூக்கர் 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டக் கூடாது என்று அன்றைய அரசுக்கு ஆலோசனை கூறியிருந்தார். தேயிலைக்காகச் சுற்றியிருந்த மலையெல்லாம் மொட்டையான காலம் அது. அந்த ஆலோசனை இல்லாவிட்டால் இன்று நாம் நடப்பதும் தேயிலைத் தோட்டமாகத்தான் இருந்திருக்கும். 1969இல் சரணாலயமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் அறிவித்தார்கள். 2010இல் சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

சிறிய உலக முடிவில் ஐந்து நிமிடத்துக்கு மேல் தங்காதீர்கள், பெரியதுக்கு நேரம் வேண்டும். பெரிய விளிம்பில் வானம் திறந்திருந்தால் கீழே தேயிலைத் தோட்டமும் லயன் வரிசைகளும் தீப்பெட்டிகளைப் போலத் தெரியும், அதற்கப்பால் உடவளவை நீர்த்தேக்கம் மின்னும், மிகத் தெளிந்த நாளில் தெற்குக் கடல்வரை கண் போகும். கோணேசர் மலையில் இராவணன் வெட்டின் பக்கத்தில் நின்று கடலைக் கீழே பார்த்திருக்கிறோமே, அந்த உயரத்தின் பல மடங்கு இது. ஆகவே பிள்ளைகளின் கையைப் பிடித்தபடியே இருங்கள். கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு பின்பக்கமாக நகராதீர்கள். 2015 பெப்ரவரியில் தேனிலவுக்கு வந்த நெதர்லாந்துக்காரர் ஒருவர் மனைவியைப் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து இங்கிருந்து விழுந்தார். ஒரு மரத்தின் மேல் விழுந்ததால் உயிர் தப்பினார், இராணுவத்தினர் இறங்கிப் போய் மீட்டார்கள். எல்லாருக்கும் அங்கே ஒரு மரம் இருக்காது.

அங்கிருந்து பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இரண்டு கிலோமீற்றர். உயரம் 20 மீற்றர்தான், ஆனால் கருங்கல் மேல் விரிந்து விழும் அழகுக்காகப் போகலாம். அருவிக்கு இறங்கும் பகுதி செங்குத்தாகவும் வழுக்கலாகவும் இருக்கும். தண்ணீரில் இறங்கக் கூடாது. அங்கிருந்து தொடக்க இடத்துக்கு மூன்றரை கிலோமீற்றர், அதில் ஏற்றமும் உண்டு. பிள்ளைகள் சோர்வது இந்தக் கடைசித் துண்டில்தான். இனிப்பை அதற்கென்று ஒதுக்கி வையுங்கள்.

இப்போது அம்மா விடயம். முழங்கால் வலியுள்ளவருக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கொடுமை. அதனால் அவரை நீர்வீழ்ச்சிப் பக்கம் கூட்டிப் போகவே வேண்டாம். ஊரில் கடற்கரையோரம் ஒரு மணித்தியாலம் நிற்காமல் நடக்கக்கூடியவர் என்றால், ஒரு ஊன்றுகோலோடு உலக முடிவு வரை மெதுவாகப் போய், போன வழியே திரும்பட்டும். தூரமும் குறைவு, தெரிந்த பாதை. வீட்டில் ஒருவர் அவரோடு திரும்ப, மற்றவர் பிள்ளைகளோடு சுற்றை முடிக்கலாம். அரை மணித்தியாலம்கூட நடக்க முடியாதவர் என்றால் முதல் புல்வெளித் துண்டோடு நிறுத்திக்கொண்டு, பார்வையாளர் நிலையத்தில் இருக்கட்டும். அந்தப் புல்வெளியில் காலை வெயில் விழும்போது மரை மேய்வதைப் பார்ப்பதும் நிறைவான காட்சிதான், ஒன்றையும் இழந்துவிட்டதாக அவர் நினைக்க வேண்டியதில்லை. கடல்மட்டத்திலிருந்து ஒரே நாளில் இவ்வளவு உயரத்துக்கு வருவதால் கொஞ்சம் மூச்சு வாங்கும். இரத்த அழுத்தம், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் புறப்படுமுன் தங்கள் வைத்தியரிடம் கேட்டுவிட வேண்டும், மருந்தைப் பெரிய பையில் போட்டு வாகனத்தில் விடாமல் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும்.

மிருகங்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள். யாலையைப் போல யானை எதிர்பார்க்க வேண்டாம். பிரித்தானியர் கால வேட்டையோடு இங்கிருந்த யானைகள் இல்லாமல் போய்விட்டன. சிறுத்தை உண்டு, ஆனால் மனிதர் கண்ணில் படுவது அரிது. பாதையை விட்டு விலகாமல், கூட்டமாக, பொழுது சாயுமுன் வெளியே வந்துவிட்டால் பயமில்லை. பொறுமையாக நடந்தால் அடர்ந்த மயிருள்ள மந்திகளையும், மூக்கின் நுனியில் வெள்ளைக் கொம்பு முளைத்தது போன்ற ஓணானையும் பார்க்கலாம். அந்த ஓணான் இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. பிள்ளைகளுக்கு மரையைவிட அதுதான் பிடிக்கும், மரக்கிளைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். காட்டின் அடியில் செறிந்து வளரும் நெலு நம் குறிஞ்சியின் இனம், 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. பூ, இலை எதையும் பறிக்க விடாதீர்கள். மரைக்கு ஒரு துண்டு பாண்கூடக் கொடுக்க விடாதீர்கள், அது பாசமில்லை, அந்த மிருகத்துக்குக் கேடு.

இளைஞர்கள் மட்டும் போகிறீர்கள் என்றால் கிரிகல்பொத்த உச்சி இருக்கிறது. நாட்டின் இரண்டாவது உயர்ந்த மலை, போக மட்டுமே ஏழு கிலோமீற்றர், பாதையும் கரடுமுரடு. குடும்பத்தோடு போகிறவர்கள் அதை நினைக்கவே வேண்டாம். உலக முடிவில் மூடுபனி ஏமாற்றிவிட்டது, இன்னும் கால் ஓயவில்லை என்றால் பட்டிப்பொலப் பக்கம் உள்ள தொட்டுப்பொல மலைக்கு ஏறலாம். இரண்டு கிலோமீற்றர்தான்.

எல்லாம் முடிந்து வாகனத்துக்கு வர பதினொரு மணியாகும். அப்போதே கிளம்பி ஊருக்கு வந்துவிடலாம் என்று சாரதி சொல்வார். வேண்டாம். விடியற்காலை நாலு மணிக்கு எழும்பிய ஆள், இருட்டிய பிறகு ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் ஓட்ட வேண்டி வரும். அந்தக் காட்டு வீதியில் இரவில் யானை குறுக்கே நிற்பது நமக்குப் புதிதல்ல, தூக்கக் கண்ணுக்கு அது கடைசி நொடியில்தான் தெரியும். கண்டியிலோ மாத்தளையிலோ இன்னொரு இரவு தங்கி, விடிந்ததும் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். மூன்று பகல், இரண்டு இரவு என்று வைத்து விடுமுறைக்கு எழுதிக் கொடுங்கள். அறையைப் பதியும்போது சுடுதண்ணீர் உண்டா, போர்வை எத்தனை தருவார்கள், காலை நாலரைக்கு வாயிற்கதவைத் திறந்துவிட ஆள் இருப்பாரா என்ற மூன்றையும் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள்.